கண்மூடி டீச்சரின் பிரார்த்தனை நேரம்

நின்றுகொண்டே தூங்கும் பிராணி குதிரைதான் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அதை எழுதியவர் கண்மூடி டீச்சரைப் பார்த்ததில்லை. சாக்பீஸைக் கரும்பலகையில் வைத்தபடியே தூங்கிய அம்மாள் அவள். ஒருமுறை 'வ' என்று எழுதத் தொடங்கியவள் அப்படியே அசந்துபோக, கை மெல்லக் கீழே இறங்கி, அந்த எழுத்துக்கு ஒரு வால் முளைத்துவிட்டது. பிள்ளைகள் டீச்சர் எழுதியதை அச்சுப் பிசகாமல் பார்த்து எழுதுகிறவர்கள். வால் சிலேட்டைத் தாண்டிப் பாயில் இறங்கி, பாயைத் தாண்டித் தரையில் ஓடி, வாசல்படி வரை போனது. மறுநாள் ஆயா தரையைத் துடைத்தபோது அந்த வால் வாளித் தண்ணீரில் நெடுநேரம் நெளிந்துகொண்டிருந்ததாம். இது மட்டும் கொஞ்சம் மிகை. மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

கண்மூடி என்ற பெயரை வைத்தவளும் ஆயாதான். "டீச்சரம்மா கண்ணு திறந்திருக்கிறப்ப யாராச்சும் பாத்திருக்கீங்களா?" என்று அவள் குழாயடியில் கேட்டாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

தூக்கம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியதில்லை. வீட்டில் கட்டிலில் படுத்திருந்தது. டீச்சரின் அக்காவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. படுத்தபடியே இருந்தால் முதுகு புண்ணாகிவிடும் என்பதால், ராத்திரி முழுவதும் அலாரம் அடிக்க அடிக்க எழுந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அக்கா ஒல்லியாகப் பிறந்து ஒல்லியாகவே வளர்ந்தவள்தான். ஆனால் தூங்குகிற ஆளைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், எலும்புக்கு எவ்வளவு கனம் என்று. விழுந்தது இடது பக்கம். நாக்கு நடுவில் இருந்ததால் தப்பித்துக்கொண்டது.

"ஏண்டி, கண்ணுக்குக் கீழ என்ன, மையை அப்பி வச்சிருக்க?"

"மை இல்லக்கா. நீதான்."

"நானா? கட்டில்ல இருக்கேன்னு நெனச்சேன். அங்க எப்ப ஏறினேன்?"

அப்பா அம்மா போன பிறகு தங்கையைத் தோளில் போட்டு வளர்த்தவள் இந்த அக்காதான். கல்யாணம் என்ற ஒன்று தங்கையையும் ஒருதரம் வந்து பார்த்தது. வீட்டில் தனக்கு இடமில்லை என்று தெரிந்து, வந்த வழியே போய்விட்டது. பகலில் பக்கத்து வீட்டுத் தையல்காரி எட்டி எட்டிப் பார்த்துக்கொள்வாள். ராத்திரிக்கு டீச்சரை விட்டால் ஆள் கிடையாது.

பாலர் பள்ளி ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. இரண்டே வகுப்பறைகள். மாடியில் அச்சகம். காலையில் இயந்திரத்தை ஓட்டிவிட்டால் 'தடக்குத் தடக்கு' என்று தரை அதிரும். சுவரோரம் வரிசையாக வைத்த தண்ணீர் பாட்டில்கள் தாமாகவே ஒன்றையொன்று உரசிப் பேசிக்கொள்ளும். புதிதாக வருகிறவர்களுக்கு அது தலைவலி. கண்மூடி டீச்சருக்கோ தாலாட்டு. அச்சகக்காரர்கள் டீ குடிக்க இயந்திரத்தை நிறுத்தினால்தான் அவளுக்குத் தூக்கிவாரிப் போடும்.

அந்த அறையில் நாற்காலிகள் எல்லாம் பிள்ளைகள் உயரத்துக்கு. உட்கார்ந்தால் டீச்சரின் முழங்கால் மோவாயில் முட்டும். வாசலில் கழற்றிப் போட்ட குட்டிச் செருப்புகள் எப்போதும் ஜோடி மாறியே கிடக்கும். காலைத் தின்பண்டம் முடிந்து, கை கழுவி, ஈரக் கையைப் பக்கத்துப் பிள்ளையின் சட்டையில் துடைத்த பிறகு பிரார்த்தனை நேரம். பல விதமான வீட்டுப் பிள்ளைகள் என்பதால் எந்தப் பெயரையும் சொல்வதில்லை. "எல்லாரையும் பாத்துக்கிறவரே" என்று டீச்சர் தொடங்கி வைப்பாள். பிறகு அவரவர் கண்ணை மூடி, மனசுக்குள் அவரவர் சங்கதியைச் சொல்ல வேண்டும்.

"கத்திச் சொல்ல வேணாம். அவருக்குக் காது நல்லாக் கேக்கும்."

"டீச்சர், எனக்குச் சைக்கிள் வேணும்னு கேக்கலாமா?" இப்படிக் கேட்டவன் குண்டூசி. உட்கார்ந்த இடத்தில் இருக்க மாட்டான். பக்கத்தில் இருப்பவர்களையும் குத்திக்கொண்டே இருப்பான்.

"கேக்கலாம். ஆனா அது கடை இல்ல. உனக்குக் கேக்கிற மாதிரி இன்னொருத்தருக்கும் ஒண்ணு கேக்கணும்."

"அவங்களுக்கு என்ன வேணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பாரு. பாத்தா தெரியும்."

ஒரு காலத்தில் இதையெல்லாம் அவள் ஆசை ஆசையாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். இப்போது வாய் சொல்லும். ஆள் எங்கேயோ இருப்பாள். அவள் கடைசியாகத் தனக்கென்று பிரார்த்தனை செய்தது எப்போது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கட்டிலருகே மண்டியிட்டால் தலை மெத்தையில் சாய்ந்துவிடும். அவ்வளவுதான் பிரார்த்தனை.

பிரார்த்தனையோடு சேர்த்து இன்னொரு பாடமும் உண்டு. மூலையில் ஒரு கூடை. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும். முதல் வாரம் கூடையில் என்ன விழுந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். மூன்று கால் குதிரை. மூடியில்லாத டப்பா. யாரோ பாதி கடித்த பென்சில். குண்டூசி தன் சாப்பாட்டிலிருந்து அவரைக்காயை மட்டும் பொறுக்கி எடுத்து வந்து போட்டான்.

"எனக்கு அவரைக்காய் பிடிக்காது டீச்சர். நான் அள்ளி அள்ளிக் குடுப்பேன்."

டீச்சர் கூடையைக் கவிழ்த்து வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். நிற்கத் தெம்பில்லை. "வேண்டாததை எடுத்துப் போட்டா அதுக்குப் பேரு குப்பை. குடுக்கிறதுன்னா அது உங்களோடதா இருக்கணும். குடுத்தா உங்களுக்குக் கொஞ்சம் குறையணும். யாருக்கு எது வேணுமோ அதைக் குடுக்கணும். குடுத்துட்டு ஊரைக் கூட்டிச் சொல்லக் கூடாது. சொன்னா அது குடுத்ததாவே ஆகாது."

"பொம்மை அப்பா வாங்கினது. அப்போ அது அப்பாவோடது. எங்களோடது என்ன இருக்கு?" என்று கேட்டது ஒரு பெண் பிள்ளை. அதற்கு அரைக்கண்ணி என்று பெயர். பிரார்த்தனையில் எல்லோரும் இரண்டு கண்ணையும் மூடினால், அது ஒன்றை மூடி மற்றொன்றைப் பாதி திறந்து வைத்திருக்கும். கடவுள் வந்து போவதைத் தான் மட்டும் பார்க்கத் தவறிவிடக் கூடாது என்று பயம்.

"யோசிச்சுப் பாருங்க. உங்களோடது என்ன இருக்கு?"

"தும்மல்" என்றது ஒன்று.

"என் ஓட்டம்."

"என் சத்தம்!" என்று கத்தினான் குண்டூசி. அது அவனுடையதுதான், சந்தேகமே இல்லை. மாடியில் இயந்திரமே ஒரு நொடி தயங்கியது.

"டீச்சர், உங்களுக்கு என்ன வேணும்?" என்றது அரைக்கண்ணி.

"எனக்கா? எனக்கு ஒரு வாய் தூக்கம் போதும்டா கண்ணு" என்று டீச்சர் கொட்டாவியோடு சொல்லி வைத்தாள். சொன்னதை அப்போதே மறந்தும் போனாள்.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் அது நடந்தது. முந்திய ராத்திரி அக்காவுக்குக் காய்ச்சல். பிரார்த்தனையைத் தொடங்கிவைத்த டீச்சர் மற்றவர்களைப் போலக் கண்ணை மூடினாள். மூடியது மூடியதுதான். இயந்திரம் டீக்கு நின்றபோது திடுக்கிட்டு விழித்தால், கடிகார முள் எங்கேயோ போயிருக்கிறது. அய்யோ, பிள்ளைகள்! பார்த்தால், அத்தனையும் வட்டமாக உட்கார்ந்து, கை கூப்பி, கண் மூடி, மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் இருக்கின்றன. குண்டூசி உட்பட. அவன் முகம் அடக்கி அடக்கிச் சிவந்து, எந்த நிமிஷமும் வெடிக்கும் பலூன் மாதிரி இருந்தது.

"கண்ணைத் திறங்க" என்றாள் டீச்சர். அறை பழையபடி சந்தையானது.

நான் சொல்லிக்கொடுத்தது வீண் போகவில்லை, இவ்வளவு நேரம் மனமுருகிப் பிரார்த்தனை செய்கிறார்களே என்று அவள் நெஞ்சு பூரித்தது. களைத்துப்போன ஆளுக்கு எதையும் நம்புவது எளிது. மறுநாளும் தூங்கினாள். அதற்கு மறுநாளும். முதலில் தவறித் தூங்கியவள், பிறகு பிள்ளைகள் வெளியே போய்விடக் கூடாதென்று ஜன்னல் கொக்கியைப் பார்த்து, கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டுத் தூங்கத் தொடங்கினாள். அப்படிப் பார்த்துக்கொள்ளும்போதுதான் மனசு குத்தும். தெரிந்து செய்கிறவர்கள்தானே தாழ்ப்பாளைப் பார்ப்பார்கள்.

பள்ளிக்கூடப் பொறுப்பைப் பார்க்கும் பெரிய டீச்சர் ஒருநாள் அந்த வழியாகப் போனாள். அறையில் சத்தமே இல்லை. பிள்ளைகளை யாரோ கடத்திக்கொண்டு போய்விட்டார்கள் என்று பதறிக் கதவின் கண்ணாடி வழியே பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். டீச்சரின் முதுகு மட்டுமே அவளுக்குத் தெரிந்தது. முதுகு தூங்குகிறதா, தொழுகிறதா என்று யாருக்குத் தெரியும்?

மத்தியானம் கூப்பிட்டுச் சொன்னாள்: "உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும் டீச்சர். பிள்ளைங்க குறைஞ்சுபோச்சு. ரெண்டு வகுப்பையும் ஒண்ணாக்கப் போறாங்க. ஒரு டீச்சர் போதுமாம். பொத்தான் கம்பெனி அம்மா அடுத்த வாரம் நேர்ல வந்து பாத்துட்டு முடிவு பண்ணுவாங்க." பள்ளிக்கூடத்தை நடத்துவதே பொத்தான் கம்பெனி அம்மாள்தான். "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். உங்க பிரார்த்தனையை மட்டும் அவங்களுக்குக் காட்டுங்க. அதைப் பாத்தா உங்களை யாரு அனுப்புவா?"

டீச்சர் வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னாள். தூங்கியதையும் சேர்த்தே சொன்னாள். வேலை போனால் இந்த வீடு போகும். வீடு போனால் அக்கா, தனிக்குடித்தனம் போய்விட்ட அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அண்ணன் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

"அந்தப் படி எனக்கு ரெண்டே தடவைதான்டி" என்றாள் அக்கா. "ஏத்துறதுக்கு ஒண்ணு, இறக்குறதுக்கு ஒண்ணு."

"சும்மா இருக்கா."

"அன்னிக்கு மட்டும் தூங்காம இருந்துடு. முந்தின ராத்திரி என்னைப் புரட்ட வேணாம். ஒரு ராத்திரியில முதுகு ஒண்ணும் கரைஞ்சுடாது."

ஆனாலும் புரட்டினாள். அக்கா திட்டிக்கொண்டே புரண்டாள்.

பொத்தான் கம்பெனி அம்மாள் வந்தாள். பருத்த உடம்பு, கறாரான முகம். குட்டி நாற்காலியில் உட்கார்ந்தபோது அது 'அம்மாடி' என்றது. பெரிய டீச்சர் பக்கத்தில் நின்றாள். வாசலில் ஆயா, துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கென்று ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரையும் பாத்துக்கிறவரே" என்று தொடங்கி டீச்சர் கண்ணை மூடினாள். பயத்தில் தூக்கம் கிட்டே வரவில்லை. மாடியில் 'தடக்குத் தடக்கு'. எல்லாம் சரியாகத்தான் போயிற்று. பெரிய மனிதர்களை ரொம்ப நேரம் காக்க வைக்கக் கூடாதே என்று, கொஞ்ச நேரத்திலேயே கண்ணைத் திறந்தாள்.

"போதும், கண்ணைத் திறங்க."

ஒரு பிள்ளைகூடத் திறக்கவில்லை.

"பிரார்த்தனை முடிஞ்சுது. திறங்க கண்ணுங்களா."

இயந்திரம் ஓடிக்கொண்டேயிருந்தது. பிள்ளைகள் கல்லாய்ச் சமைந்து உட்கார்ந்திருந்தார்கள். பொத்தான் கம்பெனி அம்மாளின் புருவம் மேலே போனது. அப்போது அரைக்கண்ணி, இருக்கிற அந்த அரைக் கண்ணால் டீச்சரைப் பார்த்து, தன்னால் முடிந்த அளவு ரகசியமாகச் சொன்னது. சின்னப் பிள்ளைகளின் ரகசியம் தெருக்கோடி வரை கேட்கும்.

"டீச்சர், மெஷின் இன்னும் நிக்கல. நீங்க இன்னும் தூங்கவே இல்ல. தூங்குங்க. நாங்க சத்தம் போட மாட்டோம்."

குண்டூசி படாரென்று கண்ணைத் திறந்தான். "ஏய்! எதுக்குச் சொன்ன? சொன்னா அது குடுத்ததாவே ஆகாதுன்னு டீச்சர் சொன்னாங்கல்ல! இத்தனை நாள் நான் சத்தத்தை அடக்கினதெல்லாம் போச்சு! உன்னாலதான் போச்சு!"

"நான் மெதுவாத்தான் சொன்னேன்…" என்று அரைக்கண்ணியின் உதடு பிதுங்கியது.

"நான் டீச்சருக்குத் தூக்கம் வரணும்னு தினமும் கேட்டேன், தினமும் வந்துச்சு!" என்று குண்டூசிக்கு அழுகையே வந்துவிட்டது. "சைக்கிள்கூட அப்புறமா கேக்கலாம்னு விட்டுட்டேன்!"

ஆயாவின் துடைப்பம் நின்றுவிட்டது. பக்தி என்று டீச்சர் நினைத்துக்கொண்டிருந்தது இதுவா? ஓட்டத்தையும் சத்தத்தையும் தவிர வேறு சொத்தில்லாத இந்தக் குஞ்சுகள், ஒவ்வொரு நாளும் அதை எடுத்து அவள் மடியில் போட்டிருக்கின்றன. யாரிடமும் மூச்சு விடவில்லை. இவள் அதை வாங்கி வாங்கிக் குறட்டை விட்டிருக்கிறாள்.

பெரிய டீச்சர் அவசரமாகச் சிரித்தாள். "குழந்தைங்க பாருங்க, ஏதோ விளையாட்டு… தூங்குற மாதிரி நடிக்கிற விளையாட்டு. இல்ல டீச்சர்?"

ஆம் என்று ஒரு தலையாட்டல் போதும். அக்காவுக்குப் படி ஏற வேண்டாம். ஆனால் பிள்ளைகள் எல்லாம் கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆம் என்றால், அரைக்கண்ணி பொய் சொன்னதாக ஆகும். அவர்கள் கொடுத்ததெல்லாம் விளையாட்டாகிவிடும்.

"விளையாட்டு இல்லம்மா" என்றாள் டீச்சர். "தூங்கத்தான் செஞ்சேன். தினமும்."

பொத்தான் கம்பெனி அம்மாள் குட்டி நாற்காலியோடு டீச்சர் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேசியபோது குரலில் கோபமில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "வீட்டு நிலைமை எனக்குத் தெரியும்மா. எனக்கும் நாள் முழுக்கத் தூக்கம்தான் வருது. ஆனா இத்தனை பிள்ளைங்களை வச்சுக்கிட்டுக் கண்ணை மூடினீங்களே, ஒண்ணு எதையாவது வாயில போட்டிருந்தா? அது தொண்டையில சிக்கியிருந்தா?"

டீச்சர் கதவைத் திரும்பிப் பார்த்தாள். தாழ்ப்பாளைப் பார்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒன்றாக்கிய வகுப்பு அடுத்த அறை டீச்சருக்குப் போயிற்று. கண்மூடி டீச்சரை வெளியே அனுப்பவில்லை. அரை நாள் வேலை, அரைச் சம்பளம். சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளைப் படுக்க வைத்து, அவர்கள் எழுந்திருக்கும் வரை காவல் இருக்க வேண்டும். ஊர் பூராவும் தூங்குகிற நேரத்தில் விழித்திருக்கும் வேலை. ஆயா அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "தினம் ரெண்டு தடவை வந்து எட்டிப் பாக்குறேன் டீச்சரம்மா, கண்ணு சொருகினா ஒரு கை தண்ணி தெளிக்கிறேன்" என்றாள்.

அரைச் சம்பளத்துக்கு வீடு இழுத்துப் பிடித்தது. தையல்காரி தன் மெஷினை இவர்கள் முன்னறையில் கொண்டுவந்து போட்டு வாடகை கொடுத்தாள். அக்காவுக்குப் பகல் முழுக்கப் பேச ஆள் கிடைத்தது. "காலைல என்னை அவ பாத்துக்குவா. நீ படுடி. வேலை பாதி போச்சு, தூக்கம் பாதி வந்துச்சு. கணக்கு சரியாப் போச்சு" என்றாள். கணக்கு எங்கே சரியாகும்? டீச்சரின் கண்ணுக்குக் கீழே கருப்பு அப்படியேதான் இருந்தது. அக்காவும் அங்கிருந்து இறங்கவில்லை, ராத்திரி அலாரமும் நிற்கவில்லை.

முதல் நாள் மத்தியானம். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பாய்களுக்கு நடுவே குட்டி நாற்காலியைப் போட்டு, மோவாயில் முழங்கால் முட்ட உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக அடங்கின. குண்டூசி தூக்கத்திலும் பக்கத்துப் பாயை உதைத்துக்கொண்டிருந்தான். ஒரே ஒரு கண் மட்டும், பாதி, திறந்திருந்தது.

டீச்சர் குனிந்தாள். "தூங்கலையா?"

அரைக்கண்ணி தலையாட்டியது. இந்தத் தடவை நிஜமாகவே ரகசியமாகச் சொன்னது. "நான் சொல்லிட்டேன்ல டீச்சர். அப்போ அது குடுத்தது இல்லையா? எல்லாரோடதும் போச்சுன்னு அவன் சொல்றான்."

சொன்னால் கொடுத்ததாக ஆகாது என்று சொல்லிக்கொடுத்தவள் இவள்தான். பாடத்தைத் திருப்பிப் போடவும் முடியாது, பிள்ளையை அழவிடவும் முடியாது. அவள் நெடுநேரம் யோசித்தாள். யோசிக்கும்போது தூங்கிவிடாமல் இருந்ததே பெரிய விஷயம்.

"நீ குடுத்தே. நான் வாங்கிக்கிட்டேன். வாங்கி முழுசாச் செலவும் பண்ணிட்டேன். இனிமே நீயே கேட்டாலும் திருப்பித் தர எங்கிட்ட இல்ல. அப்போ அது எப்படிப் போகும்?"

அது கணக்குப் போட்டுப் பார்த்தது. "எல்லாம் தீந்து போச்சா?"

"ஒரு சொட்டு மிச்சமில்ல."

"அப்போ நாளைக்கு வேற தரட்டுமா?"

"வேணாம்டா. இப்ப என் முறை. நீ அந்தக் கண்ணையும் மூடு, நான் பாத்துக்கிறேன்."

அரைக்கண்ணி சந்தேகத்தோடு அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் சோதித்தது. பிறகு, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, அந்தக் கண்ணையும் மூடியது.

மாடியில் சாப்பாட்டு இடைவேளை முடிந்து, தடக்குத் தடக்கு என்று தாலாட்டு தொடங்கியது. டீச்சர் தன் தொடையை நறுக்கென்று கிள்ளிக்கொண்டாள். எல்லாரையும் பாத்துக்கிறவரே என்று ஆரம்பித்தாள், கண்ணை அகலத் திறந்துகொண்டே.